போனில் படிப்பது படிப்பாகுமா? திருவொற்றியூர் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியையும் கூடவே அனுப்பியிருந்த கதையையும் இரண்டு நாள் வைத்திருந்து படித்தேன். நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். திருவொற்றியூரில் ஒரே அறை வீடு, 5 பேர். புத்தக அலமாரிக்கு இடமே இல்லை. பெரியமேட்டில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. போகவர ரயிலில் போனில்தான் படிக்கிறீர்கள். இதுவரை எழுதிய 11 சிறுகதைகளும் போனில்தான் இருக்கின்றன. ஒரு கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் "போனில் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா" என்று சொன்னது உங்களை உறுத்துகிறது. எழுத்தாளராக வேண்டும் என்று நினைப்பவர் இப்படிப் படிக்கலாமா, கதைகளை மின்னூலாகப் போட்டுவிடலாமா, இல்லை அச்சுக்குக் காத்திருக்க வேண்டுமா?

நான் வியாசர்பாடிக்காரி. 17 வருடமாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது, இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

படிக்கலாம். தாராளமாகப் படிக்கலாம். வீட்டில் இடம் இல்லாதவரிடம் போய், காகிதத்தில் படித்தால்தான் படிப்பு என்று சொல்வது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஆனால் எழுத நினைப்பவருக்கு வாசகருக்கு இல்லாத ஒரு வேலை கூடுதலாக உண்டு. படித்ததையே திரும்பப் படிக்க வேண்டும். ஒரே கதையை நாலு முறை, ஏழு முறை, எங்கே எப்படிச் செய்திருக்கிறார் என்று பிரித்துப் பார்த்துப் படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்குப் போன் எனக்கு உதவியதே இல்லை. அதற்கென்று பத்துப் புத்தகமாவது காகிதத்தில் வேண்டும். பத்துப் புத்தகத்துக்குத் தலைமாட்டில் இடம் கிடைத்துவிடும்.

நீங்கள் தினமும் இறங்குகிற ஸ்டேஷனின் பெயரைக் கவனித்திருப்பீர்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் புறநகர் முனையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். 1900இல் திறந்த மூர் மார்க்கெட் அந்த இடத்தில்தான் இருந்தது. எங்கள் அப்பா பி அண்ட் சி மில் தொழிலாளி. சம்பள நாளில் நேராக வீட்டுக்கு வர மாட்டார், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றிவிட்டுத்தான் வருவார். அட்டை இல்லாத புத்தகம், முதல் பத்துப் பக்கம் கிழிந்த புத்தகம், கல்யாணப் பரிசாக யாரோ யாருக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. 1985 மே மாதம் மார்க்கெட் எரிந்துபோனது. அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். கடைக்காரர்கள் பிறகு பக்கத்திலேயே அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்குப் போனார்கள். இன்றைக்கும் அங்கே கடைகள் இருக்கின்றன. போட்டித் தேர்வு கைடுகளுக்கும் இன்ஜினியரிங் புத்தகங்களுக்கும் நடுவில் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் நல்ல நாவல் கிடைக்கும். வேலை முடிந்து ரயிலுக்குக் கால் மணி நேரம் இருந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அப்பாவுக்கு மூர் மார்க்கெட் எதுவோ, உங்களுக்குப் போன் அது. அதில் எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் முழுவதும் இருக்கிற தமிழர்கள் சம்பளம் எதுவும் வாங்காமல் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய நூல்கள் அதில் இருக்கின்றன. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுக் கதைகள் வரை படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் படமாகவே கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது போன ஏறத்தாழ 97,000 நூல்களை நினைத்துக்கொண்டு அதைத் திறந்து பாருங்கள், ஒரு நூலை ஸ்கேன் செய்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இவை எல்லாம் சட்டப்படி இலவசம். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆனால் அவர் நூல் பொதுவுக்கு வந்துவிடும். அதற்கு முன்பே தமிழக அரசு குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களும் நிறையப் பேர். ஆனால் டெலிகிராமில் சுற்றுகிற பிடிஎஃப்களைத் தொடாதீர்கள். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு எழுத்தாளருக்கு வழக்கமாகக் கிடைப்பது 10 சதவீதம், அதாவது 20 ரூபாய். நாளைக்கு அந்த 20 ரூபாய்க்கு நீங்களும் காத்திருப்பீர்கள்.

போனில் படிக்கும்போது ஒரு சிக்கல். ஸ்கேன் செய்த பக்கம் புத்தக அளவில் இருக்கும், உங்கள் திரையோ உள்ளங்கை அளவு. பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படித்தால் வாக்கியத்தின் ஓட்டமே காதில் விழாது. போனைப் படுக்கவாட்டில் திருப்பி, அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படியுங்கள். எழுத்து வடிவில் இருக்கும் ஈபப் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே நிற்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கேன் செய்த படத்தைக் கணினியே படித்து எழுத்தாக மாற்றுகிற ஓசிஆர் முறையில் வரும் நூல்களை அப்படியே நம்பக் கூடாது. அதற்கு ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. பால் பரல் ஆகும், கால் கரல் ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான நூல் என்றால் இன்னும் மோசம். அப்போது ணா, றா, னா எல்லாம் வேறு வடிவம், லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்து. இயந்திரம் அதை என்னென்னவோ ஆக்கிவிடும். இப்படி ஒரு நூலைப் படித்துவிட்டு "பழைய எழுத்தாளர் நடை புரியவில்லை" என்று ஒரு கல்லூரிப் பிள்ளை என்னிடம் சொன்னாள். ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் எழுதியது பளிங்கு மாதிரி இருந்தது.

இப்போது காகிதம். புத்தகத்தை முகர்ந்து பார்க்கும் சுகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கும், ஆனால் நான் காகிதத்தைச் சொல்வதற்குக் காரணம் என் தொழில். சில வருடம் முன்னால் ஒரு நாவலைத் திரையிலேயே மூன்று முறை திருத்தி முடித்தேன். அனுப்பும் முன் மனசு கேட்காமல் பிரிண்ட் எடுத்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தேன். 14ஆம் அத்தியாயத்தில் மரகதம் என்ற பெண் மரதகம் ஆகியிருந்தாள். அத்தியாயம் முடியும் வரை மரதகம்தான். மூன்று முறையும் என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அன்றிலிருந்து கடைசி மெய்ப்பு எனக்குக் காகிதத்தில்தான். திரையில் விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது, கண் அதன் பின்னால் ஓடுகிறது. காகிதத்தில் வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி என்று அந்த இடமும் ஞாபகத்தில் நிற்கிறது. ஒரு கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க அந்த இட ஞாபகம் வேண்டும். முதல் பக்கத்தில் சும்மா வந்துபோன குடை கடைசிப் பக்கத்தில் என்ன செய்கிறது என்று இரண்டு விரலைப் பக்கங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பார்ப்போமே, அது.

பிடித்த கதையிலிருந்து ஒரு பக்கத்தைக் கையால் நோட்டில் எழுதிப் பாருங்கள். படிக்கும்போது தெரியாத கமா எழுதும்போது தெரியும். ஏன் இங்கே வாக்கியத்தை உடைத்தார், ஏன் "என்றான்" என்று சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் கை வழியாகத்தான் எனக்கு ஏறியது.

அப்புறம், காகிதத்தைப் பற்றி இன்னொரு விஷயம். அதை வடசென்னையில் தரைத்தள வீட்டில் இருக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். மூன்றாம் நாள் வடிந்தது. அலமாரியின் கீழ் இரண்டு தட்டுப் புத்தகங்கள் ஊறிப் பெருத்து, ஒன்றோடு ஒன்று இறுகி, இழுத்தால் வரவே இல்லை. பக்கப் பலகையைக் கழற்றித்தான் எடுத்தோம். வழவழப்பான தாளில் அச்சடித்தவை ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன, அவற்றைக் காப்பாற்றவே முடியவில்லை. சாதாரணத் தாள் புத்தகங்களுக்கு நடுவே செய்தித்தாளைத் துண்டு துண்டாக வைத்து, ஃபேன் காற்றில் நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றினோம். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மூர் மார்க்கெட்டிலிருந்து அவர் வாங்கி வந்ததில் 23 பிழைத்தன.

என் நோட்டுகளும் அந்தத் தட்டில்தான் இருந்தன. பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் நின்றன. மைப் பேனாவில் எழுதிய ஒரு நாவலின் முதல் வரைவு முழுவதும் வெறும் நீலக் கறையாக இருந்தது. அந்த நாவலில் இன்றைக்கு என்னிடம் இருப்பது 40 பக்கம். ஒரு தோழி கேட்டாள் என்று வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிய 40 பக்கம். அதைப் போனில் பார்த்தபோது உட்கார்ந்து அழுதேன்.

ஆகவே நோட்டில் எழுதினாலும் அன்றன்றைக்குப் படம் எடுத்துவிடுங்கள். போனில் எழுதினால் ஞாயிறுதோறும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். உங்கள் 11 கதையும் ஒரே போனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நெரிசலான ரயிலில் அந்தப் போன் தினமும் போகிறது. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு நூலகம்தான் அலமாரி. சென்னை மாகாணம் 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். உங்கள் வீட்டு ஓனர் கட்டுகிறார், வாடகையில் நீங்களும் கட்டுகிறீர்கள். ஆகையால் கிளை நூலகத்துக்குள் உரிமையோடு போங்கள். உறுப்பினர் ஆக சொற்பத் தொகைதான். எழும்பூர் கன்னிமாரா 1896லிருந்து இருக்கிறது, உங்கள் கிடங்கிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே உட்கார்ந்து எழுதவும் செய்யலாம். என் முதல் தொகுப்பின் பாதியை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் எழுதினேன், வீட்டில் டிவி சத்தம்.

போனில் எழுதுவதில் ஓர் ஆபத்தைப் பார்த்திருக்கிறேன். விசைப்பலகை நமக்கு முன்னால் சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. நீங்கள் "இன்னா" என்று அடித்தால் "என்ன" என்று திருத்தப் பார்க்கும். அவசரத்தில் தட்டிவிட்டால் உங்கள் ஆள் வேறு ஊர்க்காரர் ஆகிவிடுவார். அனுப்பிய கதையில் கிழவி ஒரு பக்கத்தில் "குந்து" என்கிறாள், அடுத்த பக்கத்தில் "அமருங்கள்" என்கிறாள். இது உங்கள் கை செய்ததா, போன் செய்ததா என்று எனக்குச் சந்தேகம். தானாகத் திருத்தும் வசதியை அணைத்து வையுங்கள். நாஸ்டா, பேஜார், கலீஜ் எல்லாம் உருதுவிலிருந்து வந்து நம் வாயில் புழங்கித் தமிழான சொற்கள். இந்தப் பேச்சை வெளியே இருப்பவர்கள் சிரிப்புக்கும் சண்டைக்காட்சிக்கும்தான் எடுத்துப் போனார்கள். விடியற்காலையில் தண்ணி லாரிக்குக் குடம் போட்டு வைக்கிறவள், காசிமேட்டு ஏலத்தில் கூடை எடுக்கிறவள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட மோதிரத்தை வைக்கிறவர் எல்லாரும் பேசுவதும் இதே பேச்சுதான். அவர்கள் துக்கத்தையும் யோசனையையும் இந்தப் பேச்சில் எழுத நீங்கள் வேண்டும். அதற்காக வரிக்கு நாலு வட்டாரச் சொல் திணிக்கவும் வேண்டாம். உங்கள் அம்மா எப்படிச் சொல்வாரோ அந்த அளவு போதும்.

சரி, வெளியிடுவது. இதில் நான் அடிபட்டவள். என் முதல் தொகுப்புக்கு ஒரு நிறுவனம் 18,000 ரூபாய் பேக்கேஜ் என்றது. நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித் தருவதற்கு மட்டும் தனியாக 1,500. அந்த எண்ணை மத்திய அரசின் முகமை இலவசமாகவே தருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வந்த 50 பிரதியிலும் பின்னட்டையில் என் பெயரே தப்பு. அதனால் சொல்கிறேன், உங்கள் புத்தகத்துக்கு நீங்கள் பணம் கட்டாதீர்கள்.

முதலில் கதைகளைத் தனித்தனியாக இதழ்களுக்கு அனுப்புங்கள். அச்சு இதழானாலும் சரி, இணைய இதழானாலும் சரி, ஓர் ஆசிரியர் படித்து வேண்டும், வேண்டாம் என்று சொல்வது முக்கியம். நாலைந்து கதை அப்படி வந்த பிறகு தொகுப்பைப் பற்றி யோசிக்கலாம். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வாழ்ந்த வள்ளலார், தம் பாடல்களை அச்சில் போட எளிதில் ஒப்பவில்லை. அன்பர்கள் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஒப்புதல் வாங்கிய பிறகு, 1867இல்தான் திருவருட்பா நூலாக வந்தது. உங்களுக்கு வயது 26. இரண்டு வருடம் ஒன்றும் பெரிதில்லை.

மின்னூலா, அச்சா என்றால் இரண்டும்தான், ஆனால் அச்சு முதலில். முன்பெல்லாம் 1,200 பிரதி அடித்து, நூலக ஆர்டர் வருமா என்று பதிப்பாளர் காத்திருப்பார். இப்போது தேவைக்கேற்ப 100 பிரதிகூட அடிக்கலாம், அதனால் புது ஆளை எடுக்கப் பதிப்பகங்கள் முன்போல் பயப்படுவதில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியும் கன்னிமாராவுக்குப் போய்ச் சேர வேண்டும். அமேசானின் கிண்டிலில் மின்னூலாக மட்டும் போட்ட நூலுக்கு அப்படி ஓர் இருப்பிடம் கிடையாது. 2009இல் அமேசான், உரிமைத் தகராறு என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியிலிருந்தே இரண்டு நூல்களை அழித்தது. வாங்கியதாக நாம் நினைப்பது உண்மையில் படிக்க மட்டும் தரும் அனுமதி. அதற்காகக் கிண்டிலை ஒதுக்க வேண்டாம். 2016இன் கடைசியில் தமிழ் அதில் வந்த பிறகு, கடையே இல்லாத ஊரிலும் நாட்டிலும் தமிழ் நூல் போய்ச் சேர்கிறது. அச்சு வந்து ஆறு மாதம் கழித்து அதில் போடுங்கள்.

அப்போது ஒன்றை மறக்காதீர்கள். பக்கம் கட்டும் இடத்தில் பல பேர் இன்னும் யூனிகோட் (எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் பொதுக் குறியீட்டு முறை) இல்லாத பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். கடைசித் திருத்தங்கள் எல்லாம் அந்தக் கோப்பிலேயே தங்கிவிடும். பிறகு மின்னூல் போடும்போது ஆசிரியர் தன்னிடம் இருக்கும் பழைய கோப்பை எடுத்துக் கொடுப்பார், அச்சில் திருத்திய 200 பிழையும் மின்னூலில் உயிரோடு திரும்பி வரும். இப்படி வந்த நூல்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். இறுதிப் பிரதியை யூனிகோடில் மாற்றித் தரச் சொல்லி ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கதை. தோல் கிடங்கில் வேலை முடிந்து வருகிறவன் குழந்தையைத் தூக்கும் முன்னால் தன் கையை முகர்ந்து பார்க்கிறானே, அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் மேலே போக முடியவில்லை. இந்த ஞாயிறு அந்தக் கதையை ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுங்கள், தாளின் ஒரு புறத்தில் மட்டும், வரிகளுக்கு நடுவே நல்ல இடம் விட்டு. மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கே பேசுகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு. மூன்றாம் பக்கத்தில் ரயிலில் வரும்போதும் அவன் கையை முகர்கிறான், தெருக்குழாயில் கழுவிய பிறகும் முகர்கிறான். நான் அந்த இரண்டையும் அடித்திருக்கிறேன். குழந்தைக்கு முன்னால் நிற்கும்போது முகர்வது மட்டும் இருக்கட்டும்.